இரண்டாம் கட்டம்

"அந்தத் தண்ணி வேண்டாம்" என்றான் தம்பி.

வாளி அவள் கையில் இருந்தது. பின்பக்கக் குழாயில் பிடித்து, தரையில் சிந்தாமல் அறை வாசல்வரை தூக்கி வந்திருந்தாள். உள்ளே கட்டிலில் அம்மாவின் உடல். எதிர்வீட்டம்மா துண்டையும் சோப்பையும் மாற்றுத் துணியையும் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். உடம்பைக் கழுவித் துடைத்து, நல்ல துணி உடுத்தி முன்னறைக்குக் கொண்டுவந்தால்தான் வெளியே நிற்கிறவர்கள் வந்து பார்க்க முடியும்.

"ஏன்?" என்று கேட்டாள்.

"வேண்டாம். கார்ல கேன் இருக்கு. எடுத்துட்டு வரேன்."

"அவங்களுக்கு இனிமே எந்தத் தண்ணியா இருந்தா என்னடா?"

அவன் அவள் தலைக்குச் சற்று மேலே, கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விறுவிறுவென்று வெளியே போனான்.

"விடும்மா" என்றாள் எதிர்வீட்டம்மா. "ஒரே பையன். ஆசைக்கு எதையோ செய்யட்டும்."

அவள் வாளியைக் கீழே வைத்துக் குனிந்து பார்த்தாள். அடியில் இருந்த கீறல்வரை தெரிந்தது. தூசி இல்லை, நாற்றம் இல்லை. அவள் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் தண்ணீர்தான்.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வையைச் சோதிப்பது அவள் பொறுப்பு. வண்டி ஓட்டும் உரிமத்துக்குச் சான்று கேட்டு வருகிறவர்களில் சிலர், கடைசி வரியை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பலகையைப் பார்க்காமல் பலகைக்குச் சற்று மேலே பார்த்துக்கொண்டு ஒப்பிப்பார்கள். தம்பி கொஞ்ச நாளாகவே அப்படித்தான் பேசுகிறான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியபோது, இனி கொதிக்கவைத்த தண்ணீர்தான் என்று சொல்லி அவள் அடுப்பில் ஒரு பாத்திரத்தை ஏற்றியிருந்தாள். அன்றைக்கு வந்திருந்த தம்பி சட்டென்று அடுப்பை அணைத்தான். "கொதிக்க வெக்காதே. இன்னும் மோசம்" என்றான். என்ன மோசம் என்று கேட்டதற்கு, "டேஸ்ட்டச் சொன்னேன்" என்றான். அன்று அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்த பையன், தண்ணீர் அலுவலகத்தில் பொறியாளர். தண்ணீரைப் பற்றி அவனுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள்.

கேன் வந்தது. முத்திரையைப் பிரித்து வேறொரு வாளியில் அவனே ஊற்றினான். ஊற்றும்போது பாதித் தண்ணீர் தரையில் போயிற்று.

அம்மாவின் முகத்தை அவள்தான் துடைத்தாள். உதடு ஓரம் காய்ந்திருந்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தபோது, கீழ் ஈறு தெரிந்தது. பற்களை ஒட்டி மெல்லிய கருநீலக் கோடு. சிறுநீரகத்துக்காக இரத்தம் சுத்திகரிக்கப் போகும் இடத்தில் ஒரு நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா என்ன பல்பொடி போடுறாங்க?" என்று கேட்டிருந்தாள். பேஸ்ட்தான் என்றதும், "அப்படியா" என்று நிறுத்திக்கொண்டாள். அந்த 'அப்படியா'வும் இன்றைக்கு ஒரு மாதிரியாகக் கேட்டது.

*

முன்னறையிலும் வாசலிலும் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தெருவே வந்துவிட்டது. அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தத் தெருவில் பாதிப் பேரை முதன்முதலில் துணியில் சுற்றித் தூக்கியவள் அவள்தான். தாடி நரைத்த ஆள்கூட அவளை 'ஆயாம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"எங்களுக்கு ஒண்ணுன்னா முதல்ல வந்து நிப்பாங்க" என்றார் வேன்காரர். தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறவர், எதிர்வீட்டம்மாவின் கணவர். "தண்ணிக் குழாய்க்கு நாங்க சண்டைக்குப் போனப்பகூட அவங்கதான் தடுத்தாங்க. நமக்குக் கிணறாவது இருக்கு, அதுவும் இல்லாதவங்க முதல்ல குடிக்கட்டும்னாங்க. யாருக்கு வரும் அந்த மனசு?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மண்டலக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றிலிருந்து ஒரு பெரிய குழாய். அதிலிருந்து ஊர் ஊராகக் கிளை. தண்ணீரே இல்லாத ஊர்கள் முதல் கட்டம். சொந்த ஆழ்துளைக் கிணறும் தொட்டியும் இருக்கும் இடங்கள் இரண்டாம் கட்டம். இந்தத் தெருவும் அவள் வீடு இருக்கும் பக்கத்துத் தெருவும் இரண்டாம் கட்டம். திட்டத்தின் வரைபடம் போட்டவர்களில் தம்பியும் ஒருவன்.

எதிர்வீட்டம்மா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியல. என் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கால்ல. வந்த அன்னைக்கு ஆயாம்மாவப் பாக்க ஓடி வந்தா. எதுக்கு வந்தே, உன் வீட்டுக்காரன் ஊருக்கே திரும்பிப் போன்னு சொல்லிட்டாங்க. பிள்ளத்தாச்சிப் பொண்ணு அழுதுட்டே வந்தா. அவங்க அப்படிப் பேசற ஆளே இல்ல."

"உடம்பு முடியாம இருந்தாங்க. அதான் ஏதோ..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அடுத்த நாளும் கூப்பிட்டு அதையேதான் சொன்னாங்க."

அவள் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாய்ந்து அவளுடைய மூத்த பெண் குழந்தை நின்றது.

தம்பி விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நடமாடிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குடத்திலிருந்து ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு, கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள்.

"குடி."

"அப்புறம்."

"தொண்ட காஞ்சு போய் நிக்கிறே. குடிடா."

வாங்கிக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க, அவரிடம் பேசினான். தம்ளரைக் கை மாற்றினான். உதட்டருகே கொண்டுபோய் மறுபடி இறக்கினான். அவள் நகராமல் நின்றாள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், தப்பித்தவன் போல வெளியே போனான். ஜன்னல் வழியே பார்த்தாள். படி இறங்கும்போது தம்ளரைச் சுவரோரம் கவிழ்த்துவிட்டு, காலியை ஜன்னல் திட்டில் வைத்தான்.

வந்தது அவனுடைய மேலதிகாரி. காரின் கதவில் 'சுத்தமான நீர் ஒவ்வொருவரின் உரிமை' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. வேன்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "உரிமை கார்லயே வருது, கார்லயே போயிடுது. கீழ இறங்கி நான் பாத்ததே இல்ல" என்றார். துக்க வீடு என்பதால் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அதிகாரி மலர் வளையம் வைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். டீ நீட்டியபோது சர்க்கரை இருக்கிறது என்று மறுத்தார். சர்க்கரை போடாமல் தருகிறோம் என்றார்கள். அதற்கும் வேண்டாம் என்று கையசைத்தார். வேன்காரர் விடவில்லை.

"சார், எங்க பக்கத்துக்கு எப்ப?"

"இரண்டாம் கட்டத்துல இருக்கு. அடுத்த வாரம் ஒப்புதல் கூட்டம். வந்துடும்."

"முதல் கட்டம் முடிஞ்சுதானே இரண்டாவது?"

"ஆமா."

"முதல் கட்டம் எப்ப முடியும்?"

"அதான் சொல்றேனே, அடுத்த வாரம் ஒப்புதல்."

அவள் காலி டீ தம்ளர்களை எடுக்கிற சாக்கில் வாசலுக்குப் போனாள். அதிகாரியும் தம்பியும் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். இவள் வருவதை அவர்கள் கவனிக்கவில்லை.

"கூட்டத்துக்கு நீங்க வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

"சரி சார்."

"இங்க யாரும் எதுவும் கேக்கலயே?"

"இல்ல சார்."

"அக்கா?"

"இல்ல சார். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"தைரியமா இருங்க" என்று தோளில் தட்டிவிட்டு அவர் ஏறிக்கொண்டார். பின் இருக்கையில் அவருக்கென்று ஒரு தண்ணீர் பாட்டில் தயாராக இருந்தது. கதவைச் சாத்துவதற்கு முன்பே அதைத் திறந்து குடித்தார்.

கார் போகும்வரை அவள் தம்ளர்களோடு அங்கேயே நின்றாள். ஒண்ணும் தெரியாது என்றால், தெரிந்துகொள்ள ஒன்று இருக்கிறது.

*

இடுகாட்டுக்குப் போகும் வண்டியில் அம்மாவோடு அவளும் அவள் கணவனும் இருந்தார்கள். தம்பி முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நடுவே கண்ணாடித் தடுப்பு. சாலை மேடுபள்ளத்தில் பெட்டி அசைந்தபோதெல்லாம் அவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே கேனுக்கு நாமதான் சொல்லி வைக்கணும்" என்றான் கணவன், ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக. லேத் பட்டறையில் வேலை. அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசினால் இப்படித்தான் வேளை தெரியாமல் பேசுவான்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்குக் கேன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் இவள் கணவன் அந்தக் கேன்களை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வருவான். 'சப்புன்னு இருக்கு, எனக்கு இறங்கல. உன் பிள்ளைங்களுக்காவது ஆகட்டும்' என்று அம்மாதான் கொடுத்து அனுப்பினாள். அம்மாவால் கேனைச் சாய்த்து ஊற்றவும் முடியாது. அதனால் அவளும் ஆட்சேபிக்கவில்லை. தம்பியிடம் சொன்னால் மனசு கோணுவான் என்று அதையும் சொல்லவில்லை.

"அம்மா ஒரு தம்ளராவது எடுத்து வெச்சுக்குவாங்களா?" என்று இப்போது கேட்டாள்.

"எங்க? ஒரு கேன் மட்டும் உடைக்காம ஒப்புக்கு மூலையில நிக்கும். மத்ததெல்லாம் ஏத்திக்கச் சொல்லிடுவாங்க." கொஞ்சம் தயங்கினான். "பிள்ளைங்களுக்கு மட்டும்தான்னு ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவாங்க. பெரியவங்க தொட்டா பத்தாது, பிள்ளைங்களுக்குச் சோறு பொங்கக்கூட இதையே ஊத்தச் சொல்லுன்னு சொல்லுவாங்க."

"சோறு பொங்கவா? என்கிட்ட நீங்க அப்படிச் சொல்லவே இல்லையே."

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. சொன்னா நீ ஏன் எதுக்குன்னு கேட்டு, கேனை எல்லாம் அவங்களுக்கே திருப்பி அனுப்பிடுவியாம். நீங்களே காலையில உலையில ஊத்தி வெச்சிடுங்க மாப்பிள்ளைன்னாங்க. நானும் ஊத்திட்டுதான் வேலைக்குப் போவேன்."

அவள் அவனையே பார்த்தாள். காலையில் எழுந்ததும் இவன் உலைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பதை, தன் மேல் உள்ள கரிசனம் என்று நினைத்திருந்தாள். கடையில் கூட வேலை பார்க்கிறவளிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறாள்.

"ஏன்னு நீங்க கேக்கலையா?"

"பேரப்பிள்ளைங்க மேல பாசம், வேற என்ன?" என்றான்.

அவள் நாக்கின் நுனியால் தன் கீழ் ஈறைத் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை. நாக்குக்கு எப்படி நிறம் தெரியும்?

இடுகாட்டில் தம்பி முதல் பிடி மண்ணைப் போட்டான். அவள் அடுத்தது. அழுகை வரவில்லை. பெட்டியின் மேல் மண் விழுந்து விழுந்து மூடும்போது, அம்மாவிடம் இனி எதையும் கேட்க முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தோன்றியது. அம்மா மேல் அவளுக்குச் சந்தேகம் வருவது இதுதான் முதல் தடவை. வருகிற இடமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் அது போகவில்லை.

*

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. யாரோ தரையைத் துடைத்திருந்தார்கள். நெருங்கியவர்கள் மட்டும் மிச்சம் இருந்தார்கள். வேன்காரர் வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்திருந்தார்.

எதிர்வீட்டுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சமையலறைக்குப் போய்க் குடத்தைச் சாய்த்துத் தம்ளரில் தண்ணீர் பிடித்தாள். சமையலறை வாசலில் தம்பி நின்றிருந்தான். அவன் வாய் திறந்தது. ஏதோ சொல்லப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு வழிவிட்டு விலகி, பின்கதவு வழியே வெளியேறினான்.

பெண் தம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டாள். அவள் எட்டிப் பிடித்து வாங்கினாள்.

"அது பழசும்மா. காலையில பிடிச்சது. இரு." காலையில் உடைத்த கேனில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைச் சாய்த்து ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு பின்பக்கம் போனாள்.

தம்பி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய பேட்டரிகளை உருக்கிய தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அது மூடிப் பல வருடம் ஆகிறது. துருப்பிடித்த புகைபோக்கி மட்டும் நின்றது.

"தண்ணில என்னடா இருக்கு?"

"தண்ணில என்ன இருக்கும்."

"மேல பாக்காதே. என்னைப் பாத்துச் சொல்லு."

அவன் பார்த்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது இருக்கும் முகம். அந்த முகத்தைப் பார்த்துப் பலமுறை அம்மாவிடம் அவனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள்.

"ஈயம்" என்றான்.

அவளுக்கு முதலில் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம்தான் நினைவுக்கு வந்தது. பிறகு அம்மாவின் ஈறில் இருந்த கருநீலக் கோடு.

"ஃபாக்டரிக்காரன் கழிவ எல்லாம் உள்ளயே குழி தோண்டிக் கொட்டியிருக்கான். ஆசிட்டோட சேர்ந்து கீழ இறங்கியிருக்கு. நம்ம கிணத்துல வந்துடுச்சு. கொதிக்க வெச்சா தண்ணிதான் குறையும், ஈயம் குறையாது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இரண்டாம் கட்டத்துக்கு ஆய்வு எடுத்தப்ப. போன தேர்தலுக்கு முன்னால."

போன தேர்தலுக்குப் பிறகு அவள் மகள் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள்.

"நீ நெனக்கிற மாதிரி இல்லக்கா. நான் மேல சொன்னேன். அறிக்கையில எழுதினா என்ன ஆகும்னு அவங்க காட்டினாங்க. தண்ணி கெட்டுப்போன இடம்தான் முதல்ல வரணும்னு விதி. அப்ப இந்தப் பக்கம் முழுக்க முதல் கட்டத்துக்கு வரும். குழாய்ப் பாதைய மாத்தணும், கணக்க மாத்தணும், மறுபடி முதல்லேர்ந்து ஒப்புதல். கிழக்குப் பக்கத்து ஊருங்களப் பாத்திருக்கியா நீ? பொம்பளைங்க மணலத் தோண்டி, ஊறி வர்றதத் துணியில வடிகட்டிப் பிடிக்கிறாங்க. நான் போய்ப் பாத்தேன். அவங்கள இன்னும் எத்தன வருஷம் தோண்டச் சொல்றது?"

"அதுக்கு இவங்க இதைக் குடிக்கணுமா?"

"குழாய் ஒண்ணுதானேக்கா இருக்கு."

"குழாய் வராதுன்னா வராதுன்னு சொல்லு. குடிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு எதுக்குடா திட்டம்? அதுக்கு எந்தக் கட்டம்?"

"சொன்னா எழுதணும். எழுதினா எல்லாம் நிக்கும்."

உள்ளே நாற்காலி அடுக்கும் சத்தம் கேட்டது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். இந்தத் தண்ணியக் குடிக்காதேன்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொன்னேன்."

"ரெண்டாவத மட்டும் கேட்டுருக்காங்க."

"என்ன சொல்றே?"

"அம்மா கேன் தண்ணி குடிக்கல."

அவன் புரியாமல் பார்த்தான்.

"நீ கொண்டு வந்ததெல்லாம் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. என் பிள்ளைங்க குடிச்சாங்க. எனக்கே இன்னைக்குத்தான் புரியுது. அவங்க கடைசிவரைக்கும் குழாய்த் தண்ணிதான் குடிச்சிருக்காங்க."

அவன் மெல்லத் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்தான். அது ஈரமாக இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

"நான் நெனச்சேன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். மறுபடி, "தண்ணி காரணமா இருக்காதுன்னு நெனச்சேன். கேன் தண்ணிதானே குடிக்கிறாங்க, அப்படின்னா இது சர்க்கரைதான், வயசுதான்னு..." என்றான்.

"சர்க்கரையாவும் இருக்கலாம்" என்றாள். அவனைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவன் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. தொடவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு. தண்ணி இல்லாதவங்க முதல்ல குடிக்கட்டும்னு தெருவெல்லாம் போய்ப் பேசுனாங்களே அம்மா. அது நீ சொன்னதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவன் புகைபோக்கியைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். பதில் வரவில்லை. அதுவே பதில்தானோ என்று தோன்றியது. இல்லை, இவனுக்கே நினைவில்லையோ என்றும் தோன்றியது. இவனுடைய வேலைக்காக அம்மா தெருவையே குடிக்கவிட்டாளா? தானும் கூடவே குடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தாளா? தான் மட்டும் கேனைத் தூக்கிவைத்துக் குடித்தால் எதிர்வீட்டில் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்தாளா? அம்மா இதில் எந்த அம்மா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"அடுத்த வாரம் முதல் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைச்சிடும்" என்றான் தம்பி. "கிடைச்சதும் யாராலயும் நிறுத்த முடியாது. அப்புறம் நானே வந்து எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிடறேன். ஒரு வாரம்தான்க்கா. இத்தன நாள் குடிச்சுட்டாங்க."

அவள் சமையலறை ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள். கர்ப்பிணிப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து கொண்டிருந்தாள். இடுப்பு வலி போலிருக்கிறது.

"எழுந்திரு" என்றாள்.

"எங்க?"

"உள்ள வா."

"அக்கா, என் வேலை போயிடும். கிழக்குப் பக்கம்..."

"கிழக்குப் பக்கத்துக்கு நாமளும் போய்ப் பேசலாம். இப்ப உள்ள வா."

அவன் எழுந்தான். கால்சட்டையின் பின்பக்கம் ஈரமாகி ஒட்டியிருந்தது. அவள் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை, முன்னால் நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். வந்தது.

வேன்காரர் கடைசி நாற்காலியை அடுக்கப் போனார். "அண்ணே, அதை இறக்குங்க. எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க" என்றாள். "இவன் ஒரு விஷயம் சொல்லணும்."

துக்க வீட்டில் ஏதோ முறை பேசப்போகிறார்கள் என்று நினைத்து, அடுக்கிய நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தம்பி அறையின் நடுவே நின்றான். அவன் கண் மின்விசிறிக்குப் போயிற்று, சுவரின் மேற்பகுதிக்குப் போயிற்று. பிறகு இறங்கி, கர்ப்பிணிப் பெண்ணின் முழங்காலருகே நின்றது.

"நம்ம தண்ணி..." என்றான். குரல் எழும்பவில்லை. "நம்ம கிணத்துத் தண்ணில..."

"கேக்கலப்பா" என்றார் ஒருவர்.

அவள் கணவன் எழுந்து போய் மின்விசிறியை அணைத்தான். அது தள்ளாடி நிற்கும்வரை தம்பி காத்திருந்தான். பிறகு சொன்னான். ஈயம் என்ற சொல்லைச் சொன்னான். தொழிற்சாலையைச் சொன்னான். தனக்கு எப்போது தெரியும் என்பதைச் சொன்னான். கொதிக்கவைத்தால் போகாது என்றான். பிள்ளைகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ரொம்பக் கெடுதல் என்றபோது மட்டும் தடுமாறினான். முதல் கட்டத்தையும் கிழக்குப் பக்கத்தையும் பற்றி அவன் சொல்லத் தொடங்கியபோது, யாரும் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தெரியவில்லை.

அடிக்க வருவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்துவார்கள் என்று நினைத்தாள். யாரும் நகரவில்லை. வேன்காரர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டம்மாதான் கேட்டாள். தம்பியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆயாம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கு..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"தெரியும்" என்றாள் அவள்.

எதிர்வீட்டம்மா நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தாள். வாசலுக்குப் போய், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டாள். குழந்தை மூச்சு வாங்க ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. எதிர்வீட்டம்மா குனிந்து, குழந்தையின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, அதன் ஈர வாயைத் தன் உள்ளங்கையால் துடைத்தாள். கையைத் தன் துணியில் தேய்த்துவிட்டு, இன்னொரு முறை துடைத்தாள்.